சனிக்கிழமைக்காகப் போகலாம்: வன்னியில் ஒரு தவக்காலத் தியானம்

ஏ9 வீதியை விட்டுக் காட்டுப்பக்கமாக உள்ளே போகும் பாதையில் ஒரு தியான இல்லம் இருக்கிறது. இந்தத் தவக்காலத்தில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் வரை அங்கே நடந்த தியானத்தைப் பற்றி எழுதுகிறேன். இல்லத்தின் பெயரையும் உரை தந்தவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அதே மண்டபத்தில் அடுத்த மாதம் வேறொருவர் வந்து வேறொன்றைப் பேசுவார். தவிர, குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. அதைப் பெயர் போட்டுச் சொல்ல விருப்பமில்லை.

கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த தாளில் தலைப்பு இப்படி இருந்தது: ‘தீமை எங்கிருந்து வந்தது? மீட்பு ஏன் தேவை?’ கேள்விக்குறி போட்டு ஒரு தியானத்தை அறிவித்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் தவக்காலத் தியானம் என்றால் பாட்டு, கண்ணீர், குணமளிக்கும் செபம், முடிவில் சாட்சி சொல்லுதல் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். இதில் அது குறைவாக இருக்கும் என்று நம்பிப் போனேன். நான் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவன். அதற்கு முன் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். கணக்கு ஒத்துவராத இடத்தில் ‘ஆண்டவருடைய சித்தம்’ என்று எழுதி மூடுவது எனக்குப் பழக்கமில்லை. இந்த மதிப்பீட்டையும் அந்தப் புத்தியோடுதான் எழுதுகிறேன்.

முதலில் உடம்புக்கானவை. கட்டணம் 3000 ரூபாய், தங்குவதும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். கொடுக்க முடியாதவர்கள் பங்குத்தந்தையின் கடிதத்தோடு வந்தால் ஒன்றும் கேட்பதில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த பெண்கள் சிலர் காசுக்குப் பதிலாகக் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இறைச்சியை விலக்கும் சுத்தபோசனத்துக்கு மீன் தடையில்லை என்பதால் அது சனிக்கிழமை மதியமே கத்தரிக்காயோடு சேர்ந்து குழம்பாக வந்தது. அந்த வார இறுதியின் மிகச் சிறந்த கறி அதுதான். இரவில் புட்டும் சம்பலும், காலையில் இடியப்பமும் சொதியும். தேநீருக்குச் சீனி இல்லை, பனங்கட்டிதான். இரண்டாம் முறை கேட்டாலும் பரிமாறுகிறவர்கள் முகம் சுளிக்கவில்லை.

கட்டில்கள் பரவாயில்லை. நுளம்பு வலைகள் கிழிந்திருக்கின்றன. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சுவை தூக்கலாக இருக்கிறது, கேத்தலின் அடி வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சிறுநீரக நோய் பற்றி எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் ஊர்களிலிருந்து ஆட்களை அழைக்கிறவர்கள், வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு வழி செய்திருக்கலாம். கழிப்பறைகள் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பிறகு படலையைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அது ஆன்மிகக் கட்டுப்பாடு இல்லை, யானை. வாழைத்தோட்டம் இருந்த இடத்தைக் காட்டினார்கள், அடிக்கட்டைகள்தான் மிச்சம். கைப்பேசிகளை வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் பேணிக்குள் போட்டுவிடுகிறார்கள். இளையவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது ஒரு சலுகையாகப் பட்டது.

உரைகளில் பெரும்பகுதியைத் தந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு குருவானவர். உட்கார்ந்துதான் பேசினார். படம் காட்டவில்லை, பாடவில்லை. குரல் சிறியது, ஒலிபெருக்கியோ காது கிழியக் கத்துவது அல்லது அடங்கிப்போவது என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறிந்தது. முன்வரிசையில் இருந்தால் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும் என்று சனிக்கிழமை காலையில் எல்லோரும் கண்டுபிடித்துக் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னே போனார்கள். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பூசை வைத்தவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் தம்முடைய வாயால் அதைச் சொல்லவில்லை.

வெள்ளி மாலை தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தோட்டம், மரம், பாம்பு என்று மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அவர் பழத்தில் நிற்கவில்லை, பழத்துக்குப் பிறகு நடக்கும் உரையாடலில் நின்றார். ஆதாம் பெண்ணைக் காட்டுகிறான். அதுவும் ‘நீர் தந்த பெண்’ என்று, கடவுளையும் சேர்த்து. பெண் பாம்பைக் காட்டுகிறாள். பாம்பிடம் கேள்வியே கேட்கப்படவில்லை. தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மனிதன் முதன்முதலாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பயன்படுத்தினான், ஆகவே நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும்போது யாரை நோக்கி விரல் நீட்டிக்கொண்டு கேட்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாம்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். அந்த அதிகாரம் அதைக் கடவுள் உண்டாக்கிய விலங்குகளில் சூழ்ச்சி மிக்கது என்பதோடு விட்டுவிடுகிறது. சாலமோனின் ஞானம் அலகையின், அதாவது சாத்தானின், பொறாமையால் சாவு உலகுக்குள் வந்தது என்கிறது. திருவெளிப்பாடு அந்தப் பழைய பாம்பை அலகை என்று பெயரிடுகிறது. அலகை வீழ்ந்த வானதூதன் என்று திருச்சபை கற்பிக்கிறது. சரி, அந்த வானதூதனைக் கெடுத்தது யார்? கேள்வி ஒரு படி பின்னால் நகர்ந்ததே தவிர முடியவில்லை. நல்லதாகப் படைக்கப்பட்ட ஒன்று தன் விருப்பத்தால் திரும்பியது என்பதற்கு அப்பால் நூல்கள் நம்மைக் கூட்டிச் செல்வதில்லை என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். மின்சாரச் செலவு பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

சனிக்கிழமை காலைதான் இந்தத் தியானத்தின் உயிர். புனித அகுஸ்தீனில் தொடங்கினார். 354இல் வட ஆபிரிக்காவில் பிறந்தவர். இளமையில் ஒன்பது ஆண்டுகளுக்குக் கிட்ட மானி என்ற போதகரின் கூட்டத்தோடு இருந்தவர். ஒளி ஒரு சக்தி, இருள் இன்னொரு சக்தி, இரண்டும் ஆதியிலிருந்தே போரிடுகின்றன, நாம் நடுவில் கிடக்கும் நிலம் என்பது அந்தக் கூட்டத்தின் போதனை. இது வன்னியில் யாருக்கும் விளங்காத தத்துவம் இல்லை, இரண்டு படைகளுக்கு நடுவில் கிடந்த நிலம்தானே இது என்று ஒருவர் குறுக்கிட்டார். மண்டபம் சிரித்தது. குருவானவரும் சிரித்தார். அந்தப் போதனையில் இருக்கும் ஆறுதல் என்ன தெரியுமா, நான் செய்யும் தீமை என்னுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது, அகுஸ்தீனை அங்கே வைத்திருந்ததும் அந்த வசதிதான் என்றார்.

பிறகு பேரிக்காய்க் கதை. பதினாறு வயதில் அகுஸ்தீன் நண்பர்களோடு அயல் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடுகிறார். பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. கொஞ்சத்தைக் கடித்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்கு எறிகிறார்கள். திருட்டு என்பதுதான் ருசி. ஆயரான பிறகும் அவரை உறுத்தியது இந்தச் சின்ன விஷயம். காரணம் இருந்து செய்த குற்றங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம், இதற்கு முடியவில்லை. அங்கிருந்துதான் அவர் தீமை ஒரு பொருளோ சக்தியோ அல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல்போன நிலை என்ற முடிவை நோக்கி நடந்தார் என்று குருவானவர் விளக்கினார். கடவுள் படைத்தவை எல்லாம் நல்லவை. தீமையைக் கடவுள் படைக்கவில்லை. ஏனென்றால் படைப்பதற்கு அது ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் செயற்கைக்கால் அணிந்த ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கை தூக்கினார். “சுவாமி, ஷெல் இரும்பு. அது இல்லாத ஒன்று இல்லை.”

நான் எதிர்பார்த்தது ஒரு சமாளிப்பு. வரவில்லை. குருவானவர் எழுந்து வந்து அவருக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். இரும்பு நல்லது, கலப்பைக்கும் அதுதான் என்றார். வெடிமருந்து கல்லுடைக்கும் இடத்தில் நன்மை செய்கிறது. தூரம் கணித்தவனுடைய கணிதமும் நல்லது. உங்கள் பிள்ளை அதே கணிதத்தைப் படித்தால் பெருமைப்படுவீர்கள். எல்லாமே நல்லவை. அந்தப் பக்கத்தில் இருந்தவன் இந்தப் பக்கத்தில் இருந்தவர்களை மனிதர்களாகக் காண வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறுமை இருந்தது. அந்த வெறுமை உங்கள் காலைக் கொண்டுபோயிற்று. இல்லாத ஒன்று இவ்வளவையும் செய்யுமா என்று கேட்காதீர்கள், மூச்சு இல்லாமை ஆளைக் கொல்கிறதே என்றார்.

கேட்டவர் சற்று யோசித்துவிட்டு, “இது போதாது சுவாமி” என்றார்.

“போதாதுதான். தீமை என்ன என்பதற்கு அகுஸ்தீன் பதில் சொல்கிறார். கடவுள் ஏன் விட்டார் என்பதற்கு இது பதில் இல்லை.”

இப்படி ஒரு விடையை ஒரு குருவானவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மண்டபம் திறந்துகொண்டது. ஒருவர் 1999 நவம்பர் 20ஐக் கேட்டார். மடு அன்னையின் திருத்தல வளாகத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த நாள். மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்குத் தப்பி ஓடிய குடும்பங்கள் காட்டுக்குள் கொண்டுவந்த சுரூபம் அந்த அன்னையுடையது. ஓடிவந்தவர்களின் தாய் என்பதால்தானே அங்கே ஓடினோம் என்றார் அவர். கரையிலிருந்து வந்த ஒரு பெண் 2004 டிசம்பர் 26ஐக் கேட்டார். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, சுனாமி வந்த நாள். அதில் யாருடைய வெறுமை இருந்தது சுவாமி, கடலுக்கு மனம் உண்டா?

குருவானவர் இரண்டையும் பிரித்தார். மனிதன் செய்யும் தீமை ஒன்று. நிலமும் கடலும் நோயும் கொண்டுவரும் கேடு இன்னொன்று. இரண்டாவதை யாருடைய பாவத்தோடும் முடிச்சுப் போட இயேசுவே மறுத்திருக்கிறார் என்று லூக்கா 13ஐ வாசித்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். 1755இல் லிஸ்பன் நகரில் சகல புனிதர்கள் திருநாளன்று, மக்கள் பூசைக்குக் கூடியிருந்த காலைநேரத்தில், நிலம் அதிர்ந்து கோயில்கள் அவர்கள் தலைமேல் இடிந்தன. ஐரோப்பாவின் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அதை வைத்து வாதாடினார்கள். ஒருவரும் முடித்துவைக்கவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே இந்தக் கேள்விக்கு விரைவான விடை எதுவும் போதாது என்று 309ஆம் எண்ணில் ஒப்புக்கொள்கிறது என்று பக்கத்தைக் காட்டினார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது யோபு மேல் அல்ல, அவர்கள் மேல்.

கரையிலிருந்து வந்த பெண்ணுக்கு இது ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர்தான் முதல் ஆளாகப் போய்க் குருவானவருடைய தட்டில் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார்.

மதியத்துக்குப் பிறகு ஜென்மப்பாவம், ஆதாமிலிருந்து எல்லோருக்கும் வருகிறது என்று திருச்சபை சொல்லும் பாவம். தூக்கம் வரும் நேரத்தில் இதை வைத்தது ஏற்பாட்டாளர்களின் பிழை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், அதை மறுத்த பெலாஜியுஸ் என்ற துறவியோடு அகுஸ்தீன் நடத்திய வாதம், 418இல் கார்த்தேஜ் சங்கம், 1546இல் திரெந்து சங்கத்தின் ஆணை எல்லாவற்றையும் ஓட்டமாகச் சொன்னார். பின்வரிசையில் குறட்டையே கேட்டது. ஒரு குழந்தை எதைச் செய்தது பாவியாவதற்கு என்ற கேள்விக்கு மட்டும் நிதானித்தார். அது குழந்தை செய்த பாவம் அன்று, குழந்தை பிறந்து விழும் நிலை. குற்றப்பத்திரிகை குழந்தைமேல் இல்லை என்றார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் மிதிவெடி. புதைத்தவன் செத்துப்போயிருக்கலாம். வரைபடம் தொலைந்திருக்கலாம். இருபது ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளை விறகு பொறுக்கப் போய்க் கால் வைக்கிறது. பிள்ளை குற்றவாளி இல்லை. ஆனால் இரத்தம் பிள்ளையுடையது.

சிவப்புப் பலகை கட்டிய கயிற்றுக்கு இந்தப்பக்கமாக நடந்தே பழகிய எங்களுக்கு இது நன்றாகப் பிடித்தது. இருந்தாலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மிதிவெடியில் கால் வைத்த பிள்ளை வளர்ந்து இன்னொரு மிதிவெடியைப் புதைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஜென்மப்பாவம் என்று திருச்சபை சொல்வது, கால் வைத்தவனையே புதைக்கிறவனாகவும் ஆக்கும் ஒரு கோணல். அதே திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் புலம்புவது அதைத்தான்: விரும்பும் நன்மையைச் செய்வதில்லை, விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று. உதாரணம் பாதி தூரம்தான் போயிற்று. மீதித் தூரத்தைப் போகாவிட்டால், நாம் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். போரில் இழந்தவர்களுக்கு அப்படி நினைக்க நியாயம் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே தம்பியின் காணித்துண்டை வேலிக் கதியாலை நகர்த்தி எடுத்துக்கொண்டவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

தேநீருக்குப் பிறகு மத்தேயு 13, வயலில் களை விதைத்த பகைவன் உவமை. கேட்டவர்களில் பாதிப்பேர் காலபோக அறுவடையை முடித்துவிட்டு வந்த விவசாயிகள். வேலைக்காரர்கள் களை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். பகைவன் செய்த வேலை என்கிறார் உரிமையாளர். பகைவன் யார், எப்போது வந்தான், ஏன் காவல் இல்லை என்பதற்கு அவர் ஒரு வார்த்தையும் செலவழிப்பதில்லை. பேச்சு நேராகப் பயிரைக் காப்பாற்றுவதற்கு, அறுவடைவரைக்கும் களையைப் பிடுங்காதீர்கள் என்பதற்குப் போய்விடுகிறது என்று குருவானவர் சொன்னார். வட்டக்கச்சியிலிருந்து வந்த ஒருவர் விடவில்லை. “சுவாமி, அறுவடைவரைக்கும் விட்டுவை என்பது விவசாயமே இல்லை. எங்கள் வயலில் களைநெல் இருக்கிறது. கதிர் தள்ளும்வரைக்கும் நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நெல் முற்றுவதற்கு முன்பே அது மணியைக் கொட்டிவிடும். ஒரு போகம் விட்டால் அடுத்த போகம் வயல் அதனுடையது.”

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். என் வாய்க்கால் ஓரத்துத் துண்டில் அதே தொல்லை.

உரிமையாளருக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டார் குருவானவர். களையைப் பிடுங்கும்போது ஒரு கோதுமைப் பயிரும் கூடவே வந்துவிடலாம். அந்த ஒரு பயிருக்காக அடுத்த போகத்து நட்டத்தையும் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். நட்டத்தை யார் ஏற்பது என்பதுதான் மீட்பைப் பற்றிய கேள்வி. தீமை வெளியே மட்டும் இருந்தால் அதைவிடப் பெரிய படை போதும், மீட்பர் தேவையில்லை. அறியாமையில் மட்டும் இருந்தால் பள்ளிக்கூடம் போதும். பயிரும் களையும் ஒரே வேரில் பின்னிக் கிடக்கும் வயலுக்கு, அதாவது நமக்கு, பிடுங்கத் தெரிந்தவனைவிடப் பொறுத்து நின்று விலை கொடுக்கிறவன் தேவை. சிலுவையில் நடந்தது அது என்று முடித்தார். இந்தத் தியானத்தில் நான் கேட்டவற்றில் எனக்குக் கணக்கு ஒத்துவந்த இடம் இதுதான். அவர் ஓட்டிக் காட்டிய சங்கங்களும் ஆண்டுகளும் சேர்ந்து செய்யாததை ஒரு விவசாயியின் ஆட்சேபம் செய்தது.

அன்றிரவு ஒருவர் பாஸ்காப் புகழுரையைக் கிளப்பினார். ஆதாமின் குற்றத்தைப் பேறுபெற்ற குற்றம் என்று பெரிய சனி இரவில் பாடுகிறோமே, அப்படியென்றால் தீமை நடந்தது நல்லதா? குருவானவர் முகம் சற்றுக் கடுமையாயிற்று. அது திரியை ஏற்றிக்கொண்டு உயிர்ப்பின் வாசலில் நின்று பாடுவது, செத்த வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கில்லை என்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று குருக்கள் இருந்தார்கள். வரிசை நீளம், அவசரம் இல்லை.

இனி ஞாயிறு. இங்கேதான் என் குறை.

காலை உரைக்கு வெளியிலிருந்து ஒரு போதகரை அழைத்திருந்தார்கள். குருவானவர் அல்ல, பொதுநிலையினர், நல்ல குரல், கூடவே விசைப்பலகை வாசிக்க ஓர் இளைஞர். ஒலிபெருக்கி அன்றைக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. தலைமுறைச் சாபத்தை அறுக்கும் செபம் என்று அறிவித்து எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பன்வழி, தாய்வழி என்று இரண்டு நிரல்; குடி, செய்வினை, தற்கொலை, கருக்கலைப்பு, பிற வழிபாடு என்று கட்டங்கள். பாட்டன் பூட்டன்வரைக்கும் நினைவுபடுத்திக் குறியிட வேண்டும். இந்த மண்ணில் இவ்வளவு இரத்தம் சிந்தியதற்கும் அந்தக் கட்டங்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் சொன்னார். சுற்றிவளைத்துச் சொல்லவில்லை, அப்படியே சொன்னார்.

எனக்கு இரண்டு கதிரை தள்ளி ஓர் அம்மா இருந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருப்பவர், வீதியோரப் போராட்டக் கொட்டகைகளில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர். என்னிடம் பேனா வாங்கினார். சற்று நேரம் கழித்துப் படிவத்தை என் பக்கம் திருப்பி, “ஐயா, என்னுடைய தகப்பனார் கசிப்பு வடித்தவர். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? அதனால்தானா என் பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அந்த உரையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. முந்தைய நாள் சீலோவாம் கோபுரத்தை வாசித்த அதே மண்டபம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்ததா என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல பெற்றோருமல்ல என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்னப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனி சொல்லவே கூடாது என்று கடவுள் தடுப்பது எசேக்கியேல் பதினெட்டில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன், படிவத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வாசித்ததில், இந்தத் தலைமுறைக் குணமாக்கல் செபங்களுக்குக் கோட்பாட்டில் அடிப்படை இல்லை என்று ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024இல் குறிப்பு வெளியிட்டிருப்பதும் தெரிந்தது. கடல் கடந்துதான் அந்தக் குறிப்பு வர வேண்டும் என்றில்லை, சனிக்கிழமை மண்டபத்தில் இருந்த யாரும் எழுதியிருப்பார்கள்.

ஜென்மப்பாவமும் தலைமுறைச் சாபமும் ஒன்றுதானே என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். எதிரெதிரானவை. முன்னது எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது: புதைத்தவன், மிதித்தவன், பார்த்துக்கொண்டிருந்தவன், ஆயர், அரசன், நான். மீட்பும் அதே வரிசைக்கு வருகிறது. பின்னதோ அடிபட்டவர்களைத் தனியே பிரித்தெடுத்து, உன் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்கிறது. ஆதாம் விரல் நீட்டியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இல்லப் பொறுப்பாளரிடம் வெளியே வரும்போது முறையிட்டேன். பொறுமையாகக் கேட்டார். ஆட்கள் வருவது அந்த ஞாயிற்றுச் செபத்துக்காகத்தான், அது இல்லாவிட்டால் சனிக்கிழமைக்கு மண்டபம் நிறையாது என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். அது நியாயம் ஆகாது. குருவானவரிடமும் கேட்க நினைத்தேன்; அவர் பூசை முடிந்த கையோடு இன்னொரு பங்குக்குப் பூசை வைக்க மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிட்டார். நிறைவுத் திருப்பலி ஒழுங்காக நடந்தது. பாட்டுக்குழு சுருதி சேரவில்லை, ஆனால் எல்லோரும் சேர்ந்து பாடியதால் மறைந்துபோயிற்று.

போகலாமா என்று கேட்டால், அந்தக் குருவானவர் உரை தருகிறார் என்றால் போங்கள். சனிக்கிழமைக்கு மட்டுமே அந்த 3000 ரூபாய் தகும். உறவை இழந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், ஞாயிறு உரை யாருடையது என்று உங்கள் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதே போதகர்தான் என்றால் சனி இரவு பாவசங்கீர்த்தனத்தோடு அவர்களை அனுப்பிவிட முடியாது, யானை இருக்கிறது. காலைத் தேநீருக்குப் பிறகு வெளியே முற்றத்து வேம்பின் கீழ் உட்கார்ந்திருக்கலாம், யாரும் வந்து கூப்பிடுவதில்லை. கிளிநொச்சியிலிருந்து வருகிறவர்கள் வவுனியா பஸ்ஸில் ஏறிச் சந்தியில் இறங்கினால் இல்லத்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து ஏற்றும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு வராது. டோர்ச், சொந்த நுளம்பு வலை, குடிதண்ணீர் மூன்றையும் கொண்டுபோங்கள்.